பண்டிலில் கேம் வாங்குவது: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கு

பல கேம்களை ஒரே விலைக்குக் கட்டாக விற்பதுதான் பண்டில். அதை விற்கும் தளங்களில் "12 டொலருக்கு 200 டொலர் பெறுமதியான கேம்கள்" என்ற மாதிரி ஒரு வரி கொட்டை எழுத்தில் நிற்கும். அந்த 200ஐக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அமெரிக்க முழு விலைகளைக் கூட்டி வந்த தொகை. கணினிக் கேம்களை ஒன்லைனில் விற்கும் ஸ்டீம் கடை இலங்கையைத் தெற்காசியா என்ற தனி விலைப் பிரிவில் வைத்திருக்கிறது. பங்களாதேஷ், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான் ஆகியவையும் அதே பிரிவுதான். விலை டொலரில் தெரியும், ரூபாயில் தெரியாது. ஆனால் கேம் செய்தவர் விரும்பினால் இந்தப் பிரிவுக்கென்று குறைத்துப் போடலாம். பலர் குறைத்திருக்கிறார்கள், சிலர் அமெரிக்க விலையையே விட்டிருக்கிறார்கள். பண்டில் தளங்களோ பெரும்பாலும் எல்லோரிடமும் ஒரே டொலர் விலைதான் கேட்கும். ஆகவே டொரொன்டோவில் இருக்கிற மச்சானுக்கு மலிவான பண்டில், கொக்குவிலில் இருக்கிற உங்களுக்கும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

விலையைச் சரிபார்ப்பது இப்படித்தான். பண்டிலில் உள்ள கேம்களில் அடுத்த மூன்று மாதத்துக்குள் உண்மையாகவே திறந்து விளையாடக்கூடியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எட்டுக் கேமில் இரண்டு தேறினாலே நல்லது. ஸ்டீம் விலைகளைப் பதிந்து வைக்கும் ஸ்டீம்டிபி தளத்தில் அந்த இரண்டின் பெயரையும் தேடி, விலைப் பட்டியலில் தெற்காசியா என்ற வரிசையைப் பாருங்கள். இன்றைய விலையும் இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலையும் அங்கே இருக்கும். இரண்டின் மிகக் குறைந்த விலைகளைக் கூட்டினால் 7 டொலர் வருகிறது, பண்டில் 12 டொலர் என்றால் பண்டிலை விடுங்கள். ஸ்டீமின் பெரிய கழிவு விற்பனை வருடத்தில் நான்கு தடவை வரும். கோடை விற்பனை ஜூன் கடைசியில் தொடங்கும், குளிர்கால விற்பனை டிசம்பர் பிற்பகுதியில். பழைய கேம்கள் அப்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அதே அடிமட்ட விலைக்கு இறங்கும். கணக்கு மறுபக்கம் விழுந்தால், அதாவது நீங்கள் எழுதிய கேம்களின் கூட்டுத்தொகையைவிடப் பண்டில் குறைவு என்றால், தயங்காமல் வாங்கலாம். மிச்ச ஆறு கேமும் இலவசம்.

பண்டில் என்ற ஒரே பெயரில் நாலு விதமான வியாபாரம் நடக்கிறது. ஸ்டீமுக்குள்ளேயே இருக்கும் பண்டில் முதலாவது. ஒரு தொடரின் கேம்களைச் சேர்த்து எடுத்தால் கூடுதலாக 10, 15 வீதம் குறையும். அதில் ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அதன் விலையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கேட்கும். இது நேர்மையான ஏற்பாடு. இரண்டாவது, 2010இல் தொடங்கிய ஹம்பிள் பண்டிலும் அதைப்போன்ற ஃபனாட்டிக்கலும். இவை கேமைத் தருவதில்லை, ஸ்டீமில் போட்டுக் கேமைப் பெறும் குறியீட்டைத் தருகின்றன, அதைத்தான் கீ என்பார்கள். ஹம்பிளில் படிநிலைகள் உண்டு. கீழ்ப் படியில் ஓரிரு கேம், மேல் படியில் எல்லாம். நீங்கள் கட்டும் காசில் தர்மத்துக்கு எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே மாற்றலாம். ஃபனாட்டிக்கலில் பட்டியலைக் காட்டி மூன்று, ஐந்து, பத்து என்று நீங்களே பொறுக்கும் பண்டில்கள் வரும். தேவையில்லாததைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு அதுவே உத்தமம். மூன்றாவது ஜிஓஜி. போலந்தில் 2008இல் பழைய கேம்களுக்கென்றே தொடங்கிய கடை, கணக்கையோ இணையத்தையோ கேட்கும் பூட்டு எதுவும் இல்லாத இன்ஸ்டோலர் கோப்பைத் தரும். நாலாவது இட்ச் டொட் ஐஓ. 2020இல் இங்கே வந்த நிறவெறிக்கெதிரான நிதிப் பண்டிலில் 5 டொலருக்கு 1,700க்கு மேற்பட்ட ஆக்கங்கள் இருந்தன. இப்படிப்பட்ட பெரிய பண்டிலை வாங்கினால் எல்லாம் தானாக உங்கள் லைப்ரரியில் வந்து உட்காராது. பண்டில் பக்கத்துக்குப் போய் வேண்டியதை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டும். வாங்கிய மின்னஞ்சலை அழித்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் தேடுவது பெரிய தலைவலி.

இவை தவிர, கீகளை ஆளுக்கு ஆள் விற்கும் சந்தைத் தளங்களும் உண்டு. அங்கே அரை விலைக்குக் கிடைக்கும் கீ திருடிய அட்டையில் வாங்கியதாக இருந்தால், சில வாரம் கழித்துக் கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகும். கேட்க ஆளில்லை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காசு கட்டுதல்

விசா அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் அட்டை போதும். ஆனால் பல வங்கிகளில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு ஆரம்பத்தில் பூட்டியே இருக்கும். வங்கியின் செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளைக்கோ அழைப்பு நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். அட்டை மறுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான். திரும்பத் திரும்ப முயற்சிக்காதீர்கள். அடுத்தடுத்துத் தோற்றால் ஸ்டீம் சில மணி நேரம் கொள்முதலையே நிறுத்தி வைக்கும். ஓடிபி வரும் சிம் கையில் இருக்கட்டும். டொலரை ரூபாயாக்கும்போது வங்கி தன் விற்பனை விகிதத்தையும் கட்டணத்தையும் போடும். கூகிளில் பார்த்த விகிதத்தில் கணக்குப் போட்டால் கொஞ்சம் துண்டு விழும். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 12 டொலர் பண்டிலுக்கு 3,600 ரூபாய். கணக்கில் 3,800 ஆவது இருக்கட்டும். பேபால் வைத்திருப்போர் அதிலும் கட்டலாம்.

இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு வேறு நாட்டு விலையில் வாங்குவது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு விரோதம். கணக்கையே பூட்டும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ அக்காவோ வாங்கித் தருவதாகச் சொன்னால் மூன்று விடயம் பார்க்க வேண்டும். ஹம்பிளில் வாங்கினால் கீயைத் திறக்காமல் பரிசு இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கீயைத் திறந்து பார்த்துவிட்டால் அந்த வசதி போய்விடும். சில கீகளுக்கு நாட்டுத் தடை இருக்கும். கேமின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், காசு கட்ட முன்னரே அவர் அதை வாசிக்க வேண்டும். ஸ்டீமிலேயே பரிசாக அனுப்புவதென்றால் இருவரும் ஸ்டீமில் நண்பர்களாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: கடையில் 5 டொலராவது செலவழிக்காத புதுக் கணக்கு அரைக் கணக்காகவே இருக்கும், அதிலிருந்து நட்பு அழைப்பு அனுப்ப முடியாது. கீ போட்டுக் கேம் சேர்த்தாலும் அந்த 5 டொலர்க் கணக்கில் அது சேராது. ஆகவே அழைப்பை அவர்தான் அனுப்ப வேண்டும், நீங்கள் ஏற்க வேண்டும். ஸ்டீம் ஃபேமிலியில் ஆறு பேர்வரை லைப்ரரியைப் பகிரலாம் என்றாலும் அது ஒரே வீட்டாருக்கு, ஒரே நாட்டுக்குள். கனடாக் கணக்கோடு சேராது. வீட்டில் தம்பி தங்கைக்கு நல்ல வசதி.

எந்த லப்டொப், எவ்வளவு டேட்டா

ரீகண்டிஷன் லப்டொப்பில் தொடங்குவோர்தான் இங்கே அதிகம். 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை என்றாலும் பழைய நகரமைப்புக் கேம்களுக்கும் சிறு குழுக்கள் செய்யும் இருபரிமாண இண்டி ஆர்பிஜிகளில் (பாத்திரமேற்று விளையாடும் கேம்களில்) பெரும்பாலானவற்றுக்கும் அது தாராளம். பார்க்க வேண்டியது வின்டோஸ். 2024 ஜனவரி 1 முதல் வின்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கணினிக்கு ஸ்டீம் கீ வாங்குவது வீண். ஜிஓஜியின் ஒஃப்லைன் இன்ஸ்டோலரில் வரும் பழைய கேம்கள் அதிலும் ஓடும்.

20 ஜிபி கேமை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க நாலரை மணித்தியாலம் பிடிக்கும். 4 எம்பிபிஎஸ் என்றால் 11 மணித்தியாலம். அன்டர்டேல் சில நூறு எம்பிதான், டிஸ்கோ எலிசியம் 20 ஜிபி அளவில் கேட்கும். இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் ஸ்டீமின் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், தானியங்கி அப்டேட்டை நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் என்று வையுங்கள். இதை மறந்தால் நீங்கள் திறக்காத கேமுக்குக்கூடப் பகல் டேட்டாவில் அப்டேட் ஓடும். வேகம் திடீரென்று படுத்துவிட்டால் அதே பக்கத்தில் டவுன்லோட் ரீஜனைச் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போனால் ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஜிஓஜி கோப்பை பிரவுசரில் இறக்கினால் பல வேளைகளில் முதலிலிருந்து தொடங்க நேரும். ஜிஓஜியின் கலக்ஸி செயலியில் ஒஃப்லைன் இன்ஸ்டோலர்களை இறக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெரிய கேம் பல துண்டாக வரும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால்தான் இன்ஸ்டோல் ஆகும். ஒரு வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றில் மட்டும் இறக்குங்கள். ஸ்டீமின் லோக்கல் நெட்வேர்க் டிரான்ஸ்ஃபரைத் திறந்துவிட்டால் மற்றது வைஃபை வழியாகவே பிரதி எடுக்கும், டேட்டா போகாது. வேறு ஆளின் கணக்கு என்றால் அனுமதியை நண்பர்கள் என்று மாற்ற வேண்டும்.

பழைய நகரமைப்புக் கேம்களை ஓட வைத்தல்

வாங்குவது சுலபம், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலாவது, வின்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பல பழைய கேம்கள் திறக்காது, அல்லது சேவ் செய்யாது. அவை எழுதப்பட்ட காலத்தில் ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்ற எண்ணம். ஆங்கிலப் பெயரில் இன்னொரு பயனரை உருவாக்கி அதில் விளையாடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே ஃபோல்டர் பெயர் மாறாது. இரண்டாவது, ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் இன்ஸ்டோல் செய்யாமல் சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். பழைய கேம்கள் சேவ் கோப்பைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும், ப்ரோகிராம் ஃபைல்ஸில் வின்டோஸ் விடாது. மூன்றாவது, திரையின் வலதும் கீழும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் காரணம் வின்டோஸின் 125 அல்லது 150 வீத உருப்பெருக்கம். கேமின் கோப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ். அங்கே உருப்பெருக்கத்தைக் கேமின் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். டிரெக்ட்பிளே இல்லை என்ற செய்தி வந்தால் வின்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி கொம்போனன்ட்ஸுக்குள் அதை இயக்கினால் போதும்.

2003இல் வந்த சிம்சிட்டி 4ஐ டீலக்ஸ் பதிப்பாகவே எடுங்கள், ரஷ் ஹவர் விரிவாக்கம் அதற்குள் வரும். இன்றைய பல கோர் புரோசசர்களில் அது நடுவில் அறுந்து விழும். ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்ட்டீஸில் லோஞ்ச் ஒப்ஷன்ஸ் பெட்டியில் ஒரு ஹைஃபன், ஒட்டினாற்போல் சிபியூகவுண்ட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 1 என்று இடைவெளியில்லாமல் (-CPUCount:1) எழுதினால் ஒரு கோரில் மட்டும் ஓடும், விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். இந்தக் கேமுக்குத் தானாகச் சேவ் செய்யும் பழக்கம் இல்லை. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் விளையாடுவோர் கால் மணிக்கு ஒரு தரம் கையால் சேவ் செய்ய வேண்டும். ஊரைத் தொடங்கும்போது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உடனே கட்டினால் இருப்புப் பணம் கரைந்துவிடும். கட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் சொடுக்கி, வந்துபோகும் ஆட்களுக்கு அளவாக நிதியைக் குறையுங்கள். பொது பட்ஜெட்டில் ஒரேயடியாக வெட்டினால் வேலைநிறுத்தம் வரும்.

புதியவருக்கு எங்கள் தேர்வு ஆனால் 1998இன் சீசர் 3. இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்தது. அதன் தம்பிகள் ஃபேரோ, சியூஸ், எம்பெரர் எல்லாம் அதே தர்க்கத்தில் ஓடுபவை. ஒன்றைப் பழகினால் நாலும் வரும். ஜிஓஜியில் வாங்கி இன்ஸ்டோல் செய்த பிறகு ஜூலியஸ் என்ற இலவச எஞ்சினை இறக்கி, அசல் கேமின் ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். அசல் 1024க்கு 768 திரைக்கு மேல் போகாது. ஜூலியஸ் அகலத் திரையில் ஓடும், விளையாட்டு விதியை மாற்றாது. அகஸ்டஸ் என்பது அதன் கிளை, புதிய கட்டடங்களும் விதிகளும் சேர்த்தது. அகஸ்டஸில் எழுதிய சேவ் கோப்பை அசலில் திறக்க முடியாது. ஆகவே முதலில் ஜூலியஸ்.

சீசர் 3இல் முதல் ஊர் எரிந்தோ இடிந்தோ போவதற்குக் காரணம் வீதிதான். தீயணைக்கும் பிரிஃபெக்டும், கட்டடம் பார்க்கும் எஞ்சினியரும், சந்தையிலிருந்து பொருள் கொண்டு போகும் பெண்ணும் வீட்டைத் தேடிப் போவதில்லை. வீதியில் கால் போன போக்கில் நடந்து, சந்தி வந்தால் ஏதோ ஒரு பக்கம் திரும்பி, குறிப்பிட்ட தூரத்தில் வீடு திரும்புவார்கள். அவர்கள் கடந்து போன இடத்திலிருந்து இரண்டு கட்டத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்குத்தான் சேவை கிடைக்கும். நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கைகள் போலச் சந்திக்குச் சந்தி பிரித்து வீதி போட்டால், சில வீட்டுக்குச் சந்தைக்காரி வரவே மாட்டாள். வீடு சுருங்கிக் கூடாரமாகும், எஞ்சினியர் எட்டிப் பார்க்காத களஞ்சியம் இடியும்.

அதனால் சந்தியே இல்லாத ஒரு வட்ட வீதி போடுங்கள். நீள்சதுரம் போதும், வெளியே போக ஒரே ஒரு வாய். வீதியை ஒட்டி இரண்டு கட்ட ஆழத்துக்கு வீட்டு நிலம் ஒதுக்குங்கள். வீதியிலிருந்து இரண்டு கட்டத்துக்கு அப்பால் ஆட்கள் குடியேற மாட்டார்கள். பிரிஃபெக்ட் நிலையம் இரண்டு, எஞ்சினியர் நிலையம் ஒன்று, ஒரு கிணறு, இவை வீடுகளோடு ஒரே நேரத்தில். பிறகு பண்ணை, தானியக் களஞ்சியம், சந்தை. பண்ணை தூரத்தில் இருந்தால் அதன் பக்கத்தில் மூன்று நாலு வீடும் வையுங்கள். அங்கிருந்து வேலைக்கு ஆள் தேடிப் போகிறவர் வழியில் ஒரு வீட்டையாவது கடக்காவிட்டால் ஆள் கிடைக்காது என்ற செய்தியோடு பண்ணை சும்மா கிடக்கும். கிணற்றுத் தண்ணீரில் வீடு கொஞ்சத் தூரம்தான் வளரும், மேலே போக நீர்த்தேக்கமும் அதிலிருந்து நீரூற்றும் தேவை. காசு தீர்ந்தாலும் பதறாதீர்கள், ரோம் 5,000 தினாரி வரை கடன் தாங்கும். அதைத் தாண்டினால் எதுவும் கட்ட விடாது. ஃபேரோவில் வீதித் தடை என்றொரு கட்டை இருக்கிறது. அலைந்து திரிபவரை அது திருப்பி அனுப்பும், ஓரிடத்துக்குக் குறிவைத்துப் போகிறவரை விட்டுவிடும். சீசரில் வட்ட வீதியோடு மல்லுக்கட்டியவருக்கு அது வரப்பிரசாதம்.

2014இல் ஒரே ஆள் செய்த பானிஷ்ட் வேறு வகை. எதிரி கிடையாது, குளிர்தான். முதல் குளிர்காலத்துக்கு முன் விறகு வெட்டுபவர், உணவு சேகரிப்பவர், ஐந்தாறு வீடு. வீடு கிடைத்தால்தான் இளசுகள் குடும்பமாகும். வீடு கட்டுவதை நிறுத்திவிட்டால் ஊர் முழுக்க ஒன்றாகக் கிழமாகி ஒன்றாகச் சாகும். வருடத்துக்கு ஒன்றிரண்டு வீடு தொடர்ந்து எழும்பட்டும்.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் பண்டில்கள் பார்க்கப் பெரிதாக இருக்கும். எண்ணிக்கையில் பாதி வானொலிப் பாட்டுப் பொதிகளும் கட்டட அலங்காரங்களும். மாஸ் ட்ரான்சிட், இன்டஸ்ட்ரீஸ் போன்ற உண்மையான விரிவாக்கங்களை மட்டும் எண்ணுங்கள். அடிப்படைக் கேம் எந்தப் படியில் இருக்கிறது என்றும் பாருங்கள், அது இல்லாமல் விரிவாக்கம் திறக்காது. 8 ஜிபி ரேமுக்குக் குறைந்த கணினியில் இதைத் தொட வேண்டாம்.

இண்டி ஆர்பிஜி

இங்கே கணினியைவிட ஆங்கிலம்தான் தடை. இந்தக் கேம்கள் எதுவும் தமிழில் இல்லை. டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொல்லுக்கு மேல், அதுவும் நக்கலும் தத்துவமும் கலந்த ஆங்கிலம். பண்டிலில் கிடைத்தால் வைத்திருங்கள், முதலில் திறக்காதீர்கள். டு த மூன் சண்டையே இல்லாத நாலைந்து மணித்தியாலக் கதை, அன்டர்டேல் சின்னச் சின்ன வசனம். இரண்டிலும் பழகிய பின் ஷாடோரன் டிராகன்ஃபோல் மாதிரிப் பேச்சும் உத்தியும் கலந்தவைக்குப் போகலாம். அன்டர்ரெயில் நல்ல கேம், ஆனால் இரக்கமில்லாதது. எல்லாத் திறனிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி போட்டால் பத்து மணித்தியாலம் கழித்து எந்தச் சண்டையும் வெல்ல முடியாமல் நிற்பீர்கள். துப்பாக்கியோ மனசக்தியோ ஒன்றைப் பிடித்து ஒவ்வொரு நிலையிலும் முழுசாக ஏற்றுங்கள். தொடக்கத்தில் அனுபவப் புள்ளி முறை கேட்கும்போது ஒடிட்டி என்பதைத் தெரிவு செய்யுங்கள். மூலை முடுக்கில் பொருள் தேடுவோருக்குப் புள்ளி தரும் முறை அது, எல்லோரையும் கொல்ல வேண்டியதில்லை.

எந்த ஆர்பிஜியிலும் மூன்று இடத்தில் மாற்றி மாற்றிச் சேவ் செய்யுங்கள். சேவ் எழுதும் கணத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுவிடும். கரண்ட் வந்து திறக்கும்போது ஸ்டீம் கிளவுட் (சேவின் பிரதியை இணையத்தில் வைக்கும் வசதி) முரண்பாடு என்று ஒரு பெட்டி வந்து, கணினியில் உள்ளதா கிளவுட்டில் உள்ளதா என்று கேட்கும். அவசரத்தில் அழுத்தாதீர்கள். இரண்டுக்கும் பக்கத்தில் திகதியும் நேரமும் இருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு பெரும்பாலும் கணினியில் உள்ளதுதான் புதிது. தவறானதைத் தெரிவு செய்தால் மற்றது அழிந்துபோகும்.

காசைத் திரும்பப் பெறுதல்

ஸ்டீமில் நேரடியாக வாங்கியதென்றால் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பும். ஸ்டீம் பண்டிலுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் எல்லாக் கேமுக்கும் சேர்த்து. ஐந்து கேமை அரை அரை மணி பார்த்தால் எல்லை தாண்டிவிடும். ஜிஓஜி 30 நாள் தருகிறது, விளையாடியிருந்தாலும் பரவாயில்லை. ஹம்பிள், ஃபனாட்டிக்கல் கீயைத் திறந்து பார்த்துவிட்டால் பொதுவாகத் திரும்பாது, அந்தக் கீயால் வந்த கேமை ஸ்டீமும் ஏற்காது. அதற்காகக் கீயைத் திறக்காமலே வருடக்கணக்கில் வைத்திருப்பதும் சரியில்லை. இப்போது பல கீகளுக்குக் காலக்கெடு இருக்கிறது, பண்டில் பக்கத்தில் திகதி போட்டிருப்பார்கள். வாங்கிய அன்றே அந்தத் திகதியைக் கைபேசி நாட்காட்டியில் குறித்து, ஒரு கிழமை முன்னதாக நினைவூட்டும்படி வையுங்கள்.